எனக்கு முன்னாடி ஒருத்தங்க

"குடத்த வச்சிட்டுப் போனா அது பாடு இல்ல சித்தி. ஆளு நிக்கணும். கடைசிக்குப் போங்க."

சொல்பவள் அர்ச்சனா. சொல்லப்படுபவள் அவளுக்கு அம்மா வயதைத் தாண்டிய கோவிந்தம்மா. தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மா கல்லில் ஊற்றிய தோசையைத் திருப்பிப்போட வீட்டுக்குள் ஓடிவிட்டு வந்தாள். அதற்குள் அவளுடைய நீல பிளாஸ்டிக் குடம் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு, சுவரோரம் குப்புற வைக்கப்பட்டிருந்தது.

"தோச கருகிப்போனா நீயாடி குடுப்பே?"

"கருகுன தோசைய நான் துன்றேன். நீங்க கடைசிக்குப் போங்க."

கோவிந்தம்மா போனாள். திட்டிக்கொண்டேதான் போனாள், ஆனால் போனாள். அர்ச்சனா திரும்பி நின்று, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். "மை ஸ்ட்ரெங்த் இஸ், ஐ ஆம் வெரி டிசிப்ளின்ட்." குழாயடியில் நின்ற எல்லோருக்கும் அது மனப்பாடம். பின்னால் நின்ற மஞ்சு, தன் முறை வருவதற்குள் இரண்டு முறை அவளுக்கே எடுத்துக் கொடுத்தாள்.

அர்ச்சனா பொன்னேரிக் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். பழவேற்காட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறாள். அது அவளுக்குப் பகல் பிழைப்பு. உண்மையான தொழில் நேர்காணலுக்குப் போவது. அதுவும் ஏதாவது ஒரு வேலைக்கு அல்ல. ஒரு பெரிய வங்கியில் அனலிஸ்ட் வேலை, அது ஒன்றுதான். இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறாள். படிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களைத்தான் அந்த வங்கி புதியவர்களாகச் சேர்க்கும். வரும் கோடையோடு அவளுக்கு அந்த வாசல் மூடிவிடும். மூன்றாவது முறைதான் கடைசி முறை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய அப்பா திருவேங்கடம் படகுத்துறைப் பாசியில் வழுக்கித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை நான் முறையாகக் கற்றது. தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போய், குளிப்பாட்டி, எழுப்பி, நடக்க வைத்துவிட்டு வருகிறேன். வீடு குழாய்க்கு எதிரில். திருவேங்கடத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடத்தினால், அவர் காலைப் பார்க்க வேண்டிய என் கண் அவர் மகளைப் பார்க்கும். அவ்வளவு வேடிக்கை காட்டுவாள்.

ஆள் ஒல்லி. உயரம். லேப்டாப் பையை எப்போதும் இடது தோளில் மாட்டி மாட்டி, அந்தத் தோள் சற்று இறங்கிவிட்டது. கீழ் இமையை இழுத்துப் பார்க்காமலே இரத்தம் குறைவு என்று சொல்லிவிடலாம். முருங்கைக்கீரை சாப்பிடு என்றேன். "தேங்க் யூ ஃபார் த ஃபீட்பேக்" என்றாள். கீரை சாப்பிடவில்லை. நேர்காணல் என்றால் அவளுக்கு முந்தைய நாளே வயிறு இளகிவிடும். அதைத் தவிர உடம்பில் வேறு கோளாறு கிடையாது. மற்ற கோளாறு எல்லாம் வரிசை சம்பந்தப்பட்டது.

அந்த வரிசைக் கோளாறு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. எங்கள் ஏரியில் நல்ல மீன் விழும் ஆழமான மடுக்கள் கொஞ்சம்தான். முகத்துவாரத்தை ஒட்டிய அந்த இடங்களில் இன்றைக்கு யார் வலை வைப்பது, நாளைக்கு யார் என்பதை ஊர் கூடிப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை வைக்கமாட்டான். வைத்தால் ஊர்க்கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். திருவேங்கடம் கட்டிலில் கிடக்கும் இந்த மாதங்களில்கூட அவருடைய பாடு அவருடையதுதான். மச்சான் பூபதி அதில் வலை வைத்து, மீனைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறான். பெண்களுக்கு ஏரியில் பாடு கிடையாது. அதற்காகவோ என்னவோ, அர்ச்சனா தரையில் உள்ள எல்லாவற்றுக்கும் பாடு பிரித்துவிட்டாள். குழாய்க்குப் பாடு, ரேஷன் கடைக்குப் பாடு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் பாடு. ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, "மேரிம்மா, உங்க பாடு முடிஞ்சிது, இப்ப அம்மா பேசட்டும்" என்றாள். அவள் அம்மா சாந்திக்குப் பேச ஒன்றும் இல்லை. பாடு வந்துவிட்டதே என்று தொண்டையைக் கனைத்துவிட்டு, "நண்டு இன்னிக்கு ரொம்ப சோடை" என்றாள்.

அனலிஸ்ட் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு தனி. இறால் பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து விளக்கினாள். நானும் இருந்தேன்.

"பேங்க்ல ஒக்காந்து துட்டு எண்ணுவியா?" என்றாள் கோவிந்தம்மா.

"எண்றதுக்கு மெஷின் கீது சித்தி. கடன் வாங்கறவங்கள்ல யாரு ஒழுங்கா திருப்பிக் கட்டுவாங்க, யாரு கட்ட மாட்டாங்கன்னு முன்னாடியே பாத்துச் சொல்லணும்."

"இதுக்கா இவ்ளோ படிப்பு? என்ன வந்து கேக்கச் சொல்லு. நம்ம தெருல யாரு கட்ட மாட்டாங்கன்னு நான் சொல்றேன்."

"யாரு?"

"மொத ஆளு நான்தான். எவன் குடுத்தாலும் கட்ட மாட்டேன். எழுதிக்கச் சொல்லு."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அர்ச்சனா மட்டும் சிரிக்கவில்லை. "இதான் சித்தி டேட்டா" என்றாள் சீரியஸாக.

அன்றிலிருந்து அந்தக் கொட்டகை அவளுக்குப் பயிற்சிக்கூடம் ஆயிற்று. ஐஸ் கம்பெனிக்குப் போகும் வழியில் வந்து நிற்பாள். பெண்கள் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே கேள்வி கேட்பார்கள். யாரும் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுவே உண்மையான நேர்காணல்போல இருக்கிறது என்பாள் அவள்.

"அஞ்சு வருசம் கழிச்சி நீ எங்க இருப்பே?" இது மஞ்சு.

"டீம் லீடரா இருப்பேன்."

"கல்யாணம்?"

"அது கேக்க மாட்டாங்கக்கா."

"நாங்க கேப்போம். சொல்லு."

"உன் வீக்னஸ் இன்னாடி?" இது கோவிந்தம்மா. மற்ற கேள்விகளை அவள் மதிப்பதில்லை. இந்த ஒன்றைத்தான் வாரம் முழுக்கக் கேட்பாள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள்போல.

"எல்லாத்தையும் பர்ஃபெக்டா செய்யணும்னு நெனைக்கிறதுதான் என் வீக்னஸ்."

"பொய்யி. உனக்கு வாயி. அத்தச் சொல்லு."

வங்கியின் முதல் சுற்று வீடியோவில் நடக்கும். குப்பத்தில் அதற்கு வேண்டிய அளவு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மொட்டைமாடி. அந்த மாடி நடைமுறையில் கோவிந்தம்மாவின் சொத்து. அங்கே அவள் வாளைக் கருவாடு காயவைக்கிறாள். இடம் கேட்டுப் போன அர்ச்சனாவுக்கு ஒரே நிபந்தனை போட்டாள். "மாடி வேணும்னா ஒக்காந்துக்கோ. ஆனா காக்கா ஓட்டணும்."

மேலே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. கீழே சாந்தியின் பூப்போட்ட நைட்டி. காலில் செருப்பில்லை. ஒரு கையில் மூங்கில் குச்சி. பின்னால் கருவாடு தெரியாமல் இருக்க நீலச் சுவருக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டிருந்தாள். நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். திருவேங்கடம், அவள் எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்து வரச்சொல்லி என்னை அனுப்பியிருந்தார். அவள் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு காக்கை இறங்கியது. பேச்சை நிறுத்தாமலே குச்சியை ஒரு சுழற்று சுழற்றினாள். காக்கை போனது. இன்னொன்று வந்தது. இன்னொரு சுழற்று. லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். என்ன கேட்டார்கள் என்று பிறகு விசாரித்தேன்.

"ஏன் அடிக்கடி கைய ஆட்டறீங்கன்னு கேட்டாரு மேரிம்மா."

"நீ என்ன சொன்னே?"

"முக்கியமான பாயிண்ட் வரும்போது அப்படி ஆட்டுவேன்னு சொன்னேன். நெறைய முக்கியமான பாயிண்ட் சொன்னீங்கன்னு பாராட்டினாரு."

அந்தச் சுற்றில் தேறிவிட்டாள். இரண்டாவது சுற்று சென்னையில், நேரில். சாந்திக்கு அன்று மீன் கொண்டுபோகிற நாள். "நீங்க கூடப் போய்ட்டு வாங்க மேரிம்மா. இது வயித்தப் புடிச்சிகினு ரயில் டேசன்லியே ஒக்காந்துடும்" என்றாள். எனக்கும் திருவேங்கடத்துக்கு நல்ல வாக்கர் ஒன்று சென்னையில் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே வாங்கியது ஒரு கால் குட்டை. போனேன். பையில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம், வாழைப்பழம், மாற்றுத் துணி. மருந்தைவிட மாற்றுத் துணிதான் மனிதர்களுக்குத் தைரியம் தரும். பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திருவொற்றியூர் தாண்டியதும், "நைனா இன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். "பார்த்துப் பேசச் சொன்னார்" என்றேன். உண்மையில் அவர், குட்டைக்கால் வாக்கரைத் திருப்பிக்கொடுத்தால் காசு தருவானா என்றுதான் கேட்டார்.

கிண்டிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம். உள்ளே மீன் வைக்கும் ஐஸ் அறைக்குச் சமமான குளிர். காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் ஒரே கறுப்புக் கோட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போனபோது ஓர் ஓரத்தில் மஞ்சள் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். செக்யூரிட்டி கதவு திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றவளாம். பெயர் ஜெபசெல்வி. ஊர் காட்டூர். "ஐயோ, காட்டூரா? நாங்க ஏரி" என்று அர்ச்சனா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் ஒரே பஸ்ஸைத் திட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் ஆளுக்குப் பாதி வாழைப்பழம்.

அப்போது ஒரு பெண் காகிதத்தோடு வெளியே வந்து, "அர்ச்சனா திருவேங்கடம்" என்று கூப்பிட்டாள்.

அர்ச்சனா எழுந்தாள். போகவில்லை. "மேடம், எனக்கு முன்னாடி இவங்க வந்தாங்க" என்று ஜெபசெல்வியைக் காட்டினாள்.

"பரவாயில்லமா, நீங்க வாங்க."

"இவங்களுக்கு அப்புறம் அந்த கண்ணாடி போட்டவரு. அப்புறம் அந்த ரெண்டு பேரு. அப்புறம்தான் மேடம் நானு."

"இது ஆல்ஃபபெட் ஆர்டர்மா."

"பேருக்கு 'ஏ' வச்சது எங்க நைனா மேடம். அதுக்காக அவங்க பாட்டுல நான் எப்படிப் போறது?"

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தாள். அர்ச்சனாவைப் பார்த்தாள். பெரியவள் நீயாவது சொல்லக்கூடாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் வாழைப்பழத் தோலைப் போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். ஜெபசெல்வியே கெஞ்சி, "நீங்க போங்க சிஸ்டர், எனக்கு இன்னும் கொஞ்சம் படிக்கணும்" என்று தள்ளிவிட்டபிறகுதான் அவள் உள்ளே போனாள். போகும்போது நான்கு பேரிடமும் தனித்தனியாக ஸாரி சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடி போட்டவன் எதற்கு என்று தெரியாமல் எழுந்து நின்றான்.

வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. வயிறும். புதிய வாக்கரை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினோம். பேசின் பிரிட்ஜ் தாண்டி உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கேட்டேன்.

"எல்லாம் ஷோக்கா போச்சு மேரிம்மா. மூணு பேரு. ஒரு சாரு, ஒரு மேடம், இன்னொருத்தரு லேப்டாப்ப உட்டு தலையே தூக்கல. ப்ராபபிலிட்டி கேட்டாங்க, சொன்னேன். கடன் எப்படி மூழ்கும்னு கேட்டாங்க, சொன்னேன். வீக்னஸ் கேட்டாங்க."

"பர்ஃபெக்ட்டா?"

"வாயின்னு சொல்லிட்டேன். கோவிந்தம்மா சித்தி மூஞ்சி கண்ணுல வந்து நின்னுடுச்சி. அந்த மேடம் சிரிச்சிட்டாங்க. அப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"ஒரே எடம்தான் கீது. வெளியே இத்தினி பேரு கீறாங்க. அவங்கள உட்டுட்டு உன்ன ஏன் எடுக்கணும்னு."

வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்குக் கொட்டகையில் பதில் தயார் செய்திருந்தோம். மூன்று காரணம், மூன்றாவது காரணத்தில் குரலை ஏற்ற வேண்டும். இறால் பிரிக்கும் அத்தனை பேரும் அதற்குத் தலையாட்டி ஒப்புதல் கொடுத்திருந்தார்கள்.

"மூணு காரணம் சொன்னியா?"

"இல்ல மேரிம்மா. ஒரே எடம்னா எடுக்கக் கூடாது சார்னு சொன்னேன்."

"என்னது?"

"வெளியே ஜெபசெல்வின்னு ஒருத்தங்க கீறாங்க சார். எனக்கு முன்னாடி வந்தாங்க. மொதப் பாடு அவங்களது. அவங்க வேணாம்னா அப்புறம் நானு. நல்லா வேல செய்வேன்னு சொன்னேன்."

நான் உரிப்பதை நிறுத்தினேன். நாற்பது வருடம் நோயாளிகளோடு இருந்தவளுக்கு முதலில் தோன்றுவது தோன்றியது. அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. லேப்டாப் பாத்துக்கினு இருந்தவரு மொத தடவையா தலையத் தூக்கினாரு. அப்புறம் மூணு பேரும் ஏதோ எழுதினாங்க."

"என்ன எழுதினாங்க?"

"ஜெபசெல்வின்னுதான் எழுதியிருப்பாங்க" என்றாள், ஒரு வேலையைச் சரியாக முடித்தவளின் நிம்மதியோடு. அப்புறம் என் கையிலிருந்த பழத்தை வாங்கித் தின்றாள்.

அப்படியே ஆனது. வேலை ஜெபசெல்விக்கு. காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் அர்ச்சனா. புது ஆட்கள் வேலையில் சேரும் நாள்வரைதான் அந்த வரிசைக்கு உயிர். அன்று ஜெபசெல்வி போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால், அர்ச்சனா ஆயுசுக்கும் ஐஸ் கம்பெனிக்கு பில் போடலாம்.

சாந்தி அழவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் சொன்னாள். "பொண்ணா இது? வாயண்ட வந்த மீன எதுத்த வூட்டு வலைல தூக்கிப் போட்டுட்டு வந்து கீது!"

கட்டிலில் இருந்த திருவேங்கடத்துக்கு நான் கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பொண்ணுக்கு அடுத்தது நம்ம பாடுதானே?"

"ஆமா நைனா."

"அப்பறம் இன்னா? சரியாத்தானே கீது."

"சரியா கீதா?" என்று சாந்தி அவர் பக்கம் திரும்பினாள். "உன் ரத்தம்தானே! பாடு பாடுன்னு ஏரியப் பாத்துக்கினே ஒக்காந்திருப்பே. எவனும் வந்து கூப்ட மாட்டான் அங்க."

அவர் காலை நான் சொன்னதற்கு மேல் ஒரு அங்குலம் தூக்கினார். அப்பாவும் மகளும் ஒரே கட்சி. எனக்கு அதில் அக்கறையில்லை, கால் தூக்கினால் சரி.

கொட்டகையில் விவகாரம் வேறு வழியில் போனது. கோவிந்தம்மா எல்லையம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். பதினோரு தேங்காய்.

"என்னன்னு வேண்டிக்கினீங்க?" அர்ச்சனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு..."

"அடுத்தவங்க பாட்டக் கலைக்கக் கூடாது சித்தி. அவங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் அந்த வேலைக்கே போமாட்டேன்."

"யாரு கலைச்சா? சீக்கு வரணும்னா வேண்டிக்கினேன்? கால் ஒடியணும்னா வேண்டிக்கினேன்? அவளுக்கு இத்தவிடப் பெரிய பேங்கில, இத்தவிடப் பெரிய ஊர்ல வேலை கெடைக்கணும் தாயேன்னு வேண்டிக்கினேன். மடுவுல இருந்து அவள இன்னும் பெரிய மடுவுக்குத் தள்ளி உடறேன். இதுல உனக்கு இன்னா பேஜாரு?"

ஊர் முறையில் அதற்குத் தடை எதுவும் இருப்பதாக அர்ச்சனாவுக்குத் தோன்றவில்லை. "சரி. ஆனா தேங்கா காசு நான் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதைவிடக் கொட்டகையை எரிச்சலூட்டியது வேறு. ஜெபசெல்வி அர்ச்சனாவிடம் போனில் யோசனை கேட்க ஆரம்பித்தாள். வேலைக்குச் சேரும் நாளில் என்ன உடை போடுவது, கிண்டிப் பக்கம் பெண்கள் விடுதி எது நல்லது. அர்ச்சனா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு விடுதிகளுக்குப் போன் போட்டு, தண்ணீர் எப்படி, சாப்பாடு எப்படி, இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள் என்று விசாரித்து, எது எதனால் மேல் என்று எண் போட்டு அனுப்பினாள். ஒரு விடுதியில் சாம்பார் தண்ணீராக இருக்கும் என்றுகூடக் குறித்திருந்தாள்.

"உனக்கு வேலை போவுது, நீ அவளுக்கு ரூம் புடிச்சித் தர்றே" என்றாள் மஞ்சு. "வளைகாப்பும் நீயே பண்ணிடு."

"அவங்களுக்கு முன்னாடி யாரும் இல்லக்கா. யாரக் கேப்பாங்க?"

சாந்தி மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஐஸ் கம்பெனி முதலாளி அர்ச்சனாவுக்குச் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னான். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரவில் தூங்குவதில்லை என்று கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு சொன்னது. காலையில் நான் போகும்போது அடுப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அதைப் பார்க்காமல். கேட்டால், "வயிறுதான் மேரிம்மா" என்பாள். இருக்கும். உப்புச்சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன், குடித்தாள். பொய்க்கும் உப்புச்சர்க்கரை கெடுதல் செய்யாது. குழாயடியில் மட்டும் குரல் பழையபடி இருந்தது. யாரும் குடத்தை வைத்துவிட்டுப் போக முடியாது.

போன வியாழக்கிழமை. திருவேங்கடத்தைப் புதிய வாக்கரோடு வாசல்வரை நடத்தி, வாசற்படியில் உட்காரவைத்திருந்தேன். எதிரில் குழாயில் தண்ணீர். வரிசையில் ஏழெட்டுப் பேர். அர்ச்சனாவுக்கு முன்னால் கோவிந்தம்மா, பின்னால் மஞ்சு. திங்கட்கிழமைதான் புது ஆட்கள் சேரும் நாள்.

அவள் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தாள். குழாயடியில் சிக்னல் சரியில்லாததால் குரல் விட்டுவிட்டு வந்தது. "ஹலோ, ஹலோ மேடம்" என்றபடி வரிசையை விட்டு ஓடினாள். புயல் கட்டடத்தின் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினாள். செருப்பில் ஒன்று கீழேயே கிடந்தது.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மா தன் குடம் நிறைந்ததும் அதை எடுத்து ஒதுக்கி வைத்தாள். அப்புறம் அர்ச்சனாவின் எவர்சில்வர் குடத்தைக் காலால் மெல்லத் தள்ளிக் குழாய்க்கு நேராக நிறுத்தினாள். தள்ளும்போது மொட்டைமாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் காக்கைகள் கருவாட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. அவள் அவற்றைத் திட்டவில்லை. திருவேங்கடம் வாக்கரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நான் சொல்லாமலே எழுந்து நின்றார்.

அர்ச்சனா இறங்கி வந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. முகத்தில் எதுவும் தெரியவில்லை. நேர்காணலுக்குப் பழகிய முகம்.

"இன்னாடி?" என்றாள் கோவிந்தம்மா.

"ஜெபசெல்விக்குப் பெங்களூர்ல வேற பேங்க்ல கெடச்சிடுச்சாம். அங்கயே போறாங்களாம். ரூம் லிஸ்ட என்னையே வச்சிக்கச் சொன்னாங்களாம்." மூச்சு வாங்கினாள். "திங்கக்கெழம என்ன வரச் சொல்லிட்டாங்க."

அடுத்த கணம் குழாயடி முழுக்கக் கூச்சல். மஞ்சு ஈரக்கையால் அவள் கன்னத்தை வழித்தாள். "பெரிய பேங்கு, பெரிய ஊரு! பாத்தியாடி? வார்த்தை மாறாம கேட்டிருக்கா எல்லையம்மா!" என்று கோவிந்தம்மா மார்பில் தட்டிக்கொண்டாள். "பதினோரு தேங்கா, மொத மாசச் சம்பளத்துல எடுத்து வை!" சாந்தி ஈரத் தலையோடு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து, பல நாளுக்குப் பிறகு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திருவேங்கடம் நின்ற இடத்தில் வாக்கரை ஒருமுறை தரையில் தட்டினார்.

அர்ச்சனா அத்தனை பேருக்கும் நடுவில் நின்று குழாயைப் பார்த்தாள். அதற்கு நேர் கீழே அவளுடைய எவர்சில்வர் குடம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"யாரு இத்தத் தள்ளினது?"

கோவிந்தம்மா ஏரிப் பக்கம் பார்த்தாள்.

அர்ச்சனா குனிந்தாள். குடத்தை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் மஞ்சுவின் குடத்தில் ஊற்றினாள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.